முதலில் டயர், பிறகு வீல்: பழைய ரோட்ஸ்டர் ஒன்றுக்கு அளவு தேர்ந்தெடுத்த கணக்கு

ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்து வீலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு என்ன டயர் கிடைக்கும் என்று பிறகு தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. சாலையைத் தொடுவது டயர் மட்டுமே; அதை உரிய இடத்தில், உரிய அகலத்தில், இயன்றவரை குறைந்த எடையில் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வீலின் வேலை. ஆகவே வண்டி எந்த விட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த விட்டத்தை ஒட்டி இன்று சந்தையில் என்ன நல்ல டயர் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ரிம்மின் (டயர் உட்காரும் வளையத்தின்) அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு), எடை ஆகியவை அதன் பிறகு வரும். அழகு கடைசியில் வந்தால் போதும். என்னிடம் உள்ள 1990-ஆம் ஆண்டு ரோட்ஸ்டருக்கு, அதாவது கூரையில்லாத இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு, நான் போட்ட கணக்கை வைத்தே இதை விளக்குகிறேன்.

மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 மியாட்டாவை 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அதே வண்டி ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. நான் வசிக்கும் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட யூனோஸ் வண்டிகள் பழைய வண்டிகளாக இறக்குமதியாகி நிறையவே ஓடுகின்றன. என்னுடையதும் அப்படி வந்ததுதான். 1.6 லிட்டர் என்ஜின், பின் சக்கர இயக்கம், நான்கு பக்கமும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு), ஒரு டன்னுக்கும் குறைவான எடை. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த தோஷிஹிகோ ஹிராய் வண்டியின் எடையைக் கிராம் கணக்கில் குறைக்கப் பாடுபட்டவர். தொழிற்சாலையிலிருந்து வந்த ஏழு கை அலாய் வீலைக் கையில் தூக்கிப் பார்த்தாலே அது தெரியும்: 14 இன்ச் விட்டம், 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் +45, எடை சுமார் ஐந்தரைக் கிலோ. அதில் ஏறியிருந்த டயர் 185/60 ஆர்14.

இந்த எண்களை ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் கணக்கு முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தின் சதவீதத்தில். அதாவது 111 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் கலந்து எழுதும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களுக்கு என் கண்டனம். மொத்த விட்டம் வேண்டுமானால் 14-ஐ 25.4-ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தை இருமுறை கூட்ட வேண்டும்: 355.6-உம் 222-உம் சேர்ந்து 577.6 மி.மீ. என் காரின் கியர்கள், ஸ்பீடோமீட்டர், தரையிலிருந்து அதன் உயரம், சக்கர வளைவுக்குள் இருக்கும் இடம் ஆகிய எல்லாமே இந்த 577.6-ஐ மையமாக வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? 14 இன்ச் வீலில் குறையொன்றும் இல்லை. குறை டயர்ச் சந்தையில் இருக்கிறது. சிறிய குடும்பக் கார்கள்கூட 15, 16 இன்ச்சுக்கு நகர்ந்துவிட்ட காலத்தில், 185/60 ஆர்14 அளவில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நீண்ட நாள் உழைப்பதையும் எரிபொருள் மிச்சத்தையும் குறியாகக் கொண்ட சிக்கன டயர்கள். அவை மோசமானவை என்று சொல்லமாட்டேன், ஆனால் மழையில் நனைந்த ஒரு மலைச் சாலையில் ஸ்டீயரிங் வழியாக அவை சொல்லும் செய்தி மிகவும் தாமதமாக வருகிறது. இதற்கு நேர்மாறாக 195/50 ஆர்15 அளவில் சாதாரணச் சாலை டயர் முதல் பந்தயத் தடத்துக்கான அரைப் பந்தய டயர் வரை எல்லாம் கிடைக்கின்றன. ஃபோர்டு ஃபியஸ்டா போன்ற பெருவாரியாக விற்ற கார்களும், சிறு கார்ப் பந்தயங்களும் அந்த அளவை வாழ வைத்திருக்கின்றன. அதன் விட்டத்தைக் கணக்கிட்டால் 381-உம் 195-உம் சேர்ந்து 576 மி.மீ. மூல அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் 1.6 மி.மீ. மட்டுமே. புது டயரின் பள்ளங்கள் தேய்வதாலேயே இதைவிடப் பல மடங்கு விட்டம் குறைந்துவிடும்.

இந்த அளவை நான் முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னபோது, இதே மாடல் வண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "அண்ணே, 17 இன்ச் போட்டா வண்டி கெத்தா நிக்கும். போயும் போயும் 15 இன்ச்சா?" என்றார். அவர் மனத்தில் இருந்தது 215/40 ஆர்17. விட்டத்தைப் போட்டுக் காட்டினேன்: 431.8-உம் 172-உம் சேர்ந்து 603.8 மி.மீ., அதாவது மூல அளவைவிட 4.5 சதவீதம் பெரிது. அது வெறும் ஸ்பீடோமீட்டர் விவகாரம் அன்று. 1.6 லிட்டர் வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்) 4.3. டயர் 4.5 சதவீதம் பெருத்தால் அந்த 4.3 நடைமுறையில் ஏறக்குறைய 4.1 ஆகிவிடுகிறது. 1993-இல் 1.8 லிட்டர் என்ஜின் வந்தபோது மாஸ்டாவே 4.1 விகிதத்தைக் கொடுத்தது உண்மைதான், ஆனால் அந்த நீண்ட விகிதத்தை இழுக்கக் கூடுதல் டார்க் (சுழற்றும் விசை) தரும் என்ஜினும் அதோடு வந்தது. 17 இன்ச் போடும் 1.6 லிட்டர்க்காரருக்குப் பெரிய வண்டியின் கியர் கிடைக்கிறது, பெரிய வண்டியின் என்ஜின் கிடைப்பதில்லை. இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப 16 போட்டா?" என்று இறங்கி வந்தார். 205/45 ஆர்16 சுமார் 591 மி.மீ., 2.3 சதவீதம் பெரிது. அது தாங்கக்கூடியது, இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகள் சிலவற்றுக்கு மாஸ்டாவே கொடுத்த அளவும் அதுதான். நான் என்றால் அந்த 2.3 சதவீதத்தையும் கொடுக்கமாட்டேன்.

ஸ்பீடோமீட்டர் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைப்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. எனவே தொழிற்சாலையில் சற்றே கூட்டிக் காட்டும்படிதான் அமைத்து அனுப்புகிறார்கள். விட்டம் கூடும் ஒவ்வொரு சதவீதமும் அந்தக் கூடுதலைத் தின்கிறது. விட்டம் குறைந்தால் முள் மேலும் கூட்டிக் காட்டும், ஓடோமீட்டரில் ஓடாத கிலோமீட்டரும் ஏறும்.

பக்கச்சுவர் உயரம்தான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 185/60-இல் 111 மி.மீ. இருந்த சுவர், 195/50 ஆர்15-இல் 97.5 ஆகிறது, 215/40 ஆர்17-இல் 86 ஆகச் சுருங்குகிறது. டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். கூரையில்லாத வண்டியின் உடல், கூரையுள்ள காரைப் போல முறுக்கத்தைத் தாங்காது. சுவர் குட்டையாகும்போது சாலையின் சிறு குத்தல்களை டயர் விழுங்காமல் உடலுக்கு அனுப்பிவிடுகிறது, விண்ட்ஷீல்டின் சட்டமும் டேஷ்போர்டும் ஒன்றுக்கொன்று எதிராக நடுங்கத் தொடங்குகின்றன. இந்த நடுக்கத்துக்கு வண்டியின் வயதைக் குறை சொல்பவர்கள் அதிகம், ஆனால் பல வண்டிகளில் வீலைக் கழற்றி மூல அளவைப் போட்டாலே பாதி நடுக்கம் போய்விடுகிறது. தவிர, இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளில் மழைக்காலம் முடியும்போது உருவாகும் குழிகளுக்கு 86 மி.மீ. சுவர் போதாது.

மேலும் ஒரு செய்தி. 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டியின் அடிப்படை வகைக்கு மாஸ்டா கொடுத்த டயர் 195/50 ஆர்16. கால் நூற்றாண்டு கழித்தும், கூடுதல் சக்தி கொண்ட என்ஜினுக்கும், அகலம் 195-தான். மூன்றாம் தலைமுறையில் ஐந்தாக இருந்த வீல் நட்டுகளை எடையைக் குறைப்பதற்காக மீண்டும் நான்காக்கியதும் அதே வண்டியில்தான்.

டயர் முடிவானதும் ரிம்மின் அகலம் கிட்டத்தட்டத் தானே முடிவாகிவிடும். 195/50 ஆர்15-க்கு டயர் தரநிலைகள் ஒப்புக்கொள்ளும் ரிம் அகலம் 5.5 முதல் 7 இன்ச் வரை. டயரின் அகலத்தை அளவெடுப்பதற்கான நிலையான ரிம் 6 இன்ச். நான் 6.5 எடுத்தேன். அகலமான ரிம்மில் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், வளைவில் டயர் சாயாமல் உடனே பிடிக்கும். ஆனால் எல்லைக்கு மேல் போனால் சுவர் வெளிப்புறமாக இழுபட்டு, ரிம்மின் விளிம்பு நடைபாதைக் கல்லுக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுக்கும். 8 இன்ச் ரிம்மில் 195 டயரை இழுத்து மாட்டி நிறுத்திவைக்கும் பாணியும் இங்கே உண்டு. அது புகைப்படத்துக்கான ஏற்பாடு. அதில் நான் ஏறிப் பயணம் செய்ய விரும்பமாட்டேன்.

ஆஃப்செட்தான் பலரும் தடுமாறும் இடம். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் (வீலை நட்டால் மாட்டும் அச்சு முனையில்) ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுவே கூட்டல் ஆஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். இரண்டே கூட்டல் கழித்தலில் விஷயம் புரிந்துவிடும்: அகலத்தின் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்விளிம்பு எவ்வளவு தூரம் என்று வரும், கழித்தால் வெளிவிளிம்பு வரும். என் மூல வீலுக்கு அகலத்தின் பாதி 69.85 மி.மீ.; உள்பக்கம் 114.85, வெளிப்பக்கம் 24.85. நான் எடுத்த 6.5 இன்ச், +38 வீலுக்குப் பாதி 82.55, உள்பக்கம் 120.55, வெளிப்பக்கம் 44.55. ரிம்மை மட்டும் பார்த்தால் உள்ளே சுமார் 6 மி.மீ., வெளியே சுமார் 20 மி.மீ. நகர்ந்திருக்கிறது.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், ஆனால் உரசுவது ரிம் அன்று, டயரின் புடைப்பு. 185/60 டயர் தன் 5.5 இன்ச் ரிம்மில் ஏறக்குறைய 189 மி.மீ. புடைக்கும். 195/50 டயர் 6 இன்ச் ரிம்மில் சுமார் 201. ரிம் அரை இன்ச் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும் என்பதால் என் ரிம்மில் 206. இதே கணக்கை இந்த எண்களோடு போட்டால், டயர் உள்பக்கம் ஒன்றரை மி.மீ. மட்டுமே நெருங்குகிறது, வெளிப்பக்கம் பதினைந்தரை மி.மீ. போகிறது. 7 இன்ச், 8 இன்ச் வீல்களுக்கும் இப்படியே போட்டுப் பார்க்கலாம். 8 இன்ச், +25 வீலில் வெளிவிளிம்பு மூல நிலையிலிருந்து 50 மி.மீ.-க்கு மேல் தள்ளிப்போகிறது; அதைப் போடுபவர்கள் மட்கார்டின் உள்மடிப்பை உருட்டித் தட்டையாக்காமல் தப்ப முடியாது, துருப்பிடிக்கும் வண்டியில் அந்த மடிப்பைத் தொடுவது தனி வம்பு.

வெளியே தள்ளுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயரின் நடுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்தால் டயரின் நடுப்புள்ளி அவ்வளவும் வெளியே போகும். விளைவு, பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் ஈரத்திலும் மற்றொன்று காய்ந்த தரையிலும் இருந்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கும். குழியில் விழுந்தால் உதைக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத என் வண்டியில் இது உள்ளங்கையில் நேரடியாகத் தெரிகிறது. 7 மி.மீ. மாற்றத்தில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 20 மி.மீ. தள்ளிய வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, சாலையின் மேடு பள்ளங்களை வண்டி தன் போக்கில் பின்தொடர முயன்றது.

மாட்டும் இடத்தின் அளவுகள் குறைவானவை, ஆனால் சமரசம் இல்லாதவை. நான்கு நட்டுத் துளைகள், 100 மி.மீ. வட்டம், நடுத் துளை 54.1 மி.மீ.; நட்டின் மரை 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. வெளிச்சந்தை வீல்களின் நடுத் துளை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே இருக்கும், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வாங்கிப் போட வேண்டும். இல்லையென்றால் வீல் நட்டுகளை மட்டும் நம்பி நடுவில் உட்காரும், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பழைய ஹோண்டா வீல்கள் மலிவாகக் கிடைக்கின்றன, துளை வட்டமும் அதே 100 மி.மீ.தான். ஆனால் ஹோண்டாவின் மூல வீல்களில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம், மாஸ்டாவின் நட்டு கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டுமே அது தொடும். இறுக்கமாக இருப்பது போலக் கைக்குத் தோன்றும், அதுதான் ஆபத்து.

பிரேக்கையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும். 1.6 வண்டியின் முன் டிஸ்க் சுமார் 235 மி.மீ., 1.8-இல் 255. இரண்டும் 14 இன்ச்சுக்குள் அடங்கும். இரண்டாம் தலைமுறை வண்டிகளின் 270 மி.மீ. பிரேக்கைப் பின்னாளில் மாட்டும் எண்ணமிருந்தால் குறைந்தது 15 இன்ச் வேண்டும். ஒரே ஆஃப்செட் கொண்ட இரண்டு வீல்களில் ஒன்றின் கைகள் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தாண்டி வளைந்து போகும், மற்றொன்றின் கைகள் அதில் இடிக்கும். எண்ணை நம்பாமல் காலிப்பரின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போய் வீலுக்குள் வைத்துப் பார்ப்பதே வழி.

எடையைப் பொறுத்தவரை, மூல வீலே இவ்வளவு இலேசாக இருக்கும்போது அதைவிட விட்டமும் அகலமும் கூடிய வீலை அதே எடையில் பெறுவது செலவு பிடிக்கும் காரியம். வீலின் விளிம்பிலும் டயரின் மேற்பரப்பிலும் இருக்கும் எடையை வண்டி இருமுறை தூக்குகிறது: முன்னோக்கி நகர்த்த ஒருமுறை, சுழற்ற மறுமுறை. ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் குழியிலிருந்து மேலெழும் சக்கரத்தைத் தரைக்குத் திரும்பக் கொண்டுவர ஷாக் அப்சார்பரும் படாத பாடு படும். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டிஇ37 வீலின் பெயரிலேயே, 15 இன்ச் விட்டமும் 6 இன்ச் அகலமும் கொண்ட வீலுக்கு அவர்கள் குறிவைத்த 3.7 கிலோ என்ற எடை இருக்கிறது. அது அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு வீல், விலையும் அதற்கேற்றது. நான் வார்ப்பு வீலே எடுத்தேன், ஆனால் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஜப்பானின் அலாய் வீல் பாதுகாப்புத் தரநிலையான ஜேடபிள்யூஎல் முத்திரை உள்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே எடுத்தேன். புகழ்பெற்ற வடிவங்களின் மலிவுப் போலிகளில் எடையும் தெரியாது, உலோகமும் தெரியாது.

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவுதானா என்ற கேள்வி எம்எக்ஸ்-5-க்கு எழுவதில்லை. தொழிற்சாலையிலேயே நான்கும் ஒன்று. ஹோண்டா எஸ்2000 போன்ற வண்டி என்றால் நிலைமை வேறு. முதல் எஸ்2000-இல் முன்னே 205/55 ஆர்16, பின்னே 225/50 ஆர்16. 2004 மாடலில் முன்னே 215/45 ஆர்17, பின்னே 245/40 ஆர்17. மாற்றத்தின் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குப் போயிருப்பதைப் பாருங்கள். டயர் பிடிப்பின் எல்லையில் பின்பக்கம் சட்டென்று விலகும் என்று பெயரெடுத்த வண்டி அது. அப்படிப்பட்ட வண்டியில் முன் அகலத்தை மட்டும் கூட்டி நான்கையும் சமமாக்குபவர், தயாரிப்பாளர் எந்தக் குணத்தை அடக்க முயன்றாரோ அதையே கட்டவிழ்த்துவிடுகிறார்.

வாங்கும் முன் கடைசிச் சோதனை வண்டியில்தான். யாரிடமாவது அதே அளவு வீலும் டயரும் ஒன்று இரவல் கிடைத்தால், ஒரு மூலையில் ஷாக் அப்சார்பரோடு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனில் சக்கரம் ஏற ஏற அதன் தலை உள்பக்கம் சாயும். நின்ற நிலையில் மட்கார்டில் இடிக்கும் என்று தோன்றிய டயர் மேலே போகும்போது மடிப்புக்கு உள்ளே நழுவிச் செல்வதைக் கண்ணால் காணலாம். முன்பக்கம் என்றால் ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, உள்பக்கப் பிளாஸ்டிக் உறையையும் பார்க்க வேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி எல்லா இடத்திலும் இருந்தால் எனக்குத் திருப்தி.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டும் தயாரித்த வாரம், பின் இரண்டும் ஆண்டு. அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் நெடுநாள் கிடக்கும். எடைக் குறியீடு மூல டயரின் 82-க்குக் குறையக் கூடாது. அதன் பொருள் ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பது. மாஸ்டா குறித்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. இலேசான வண்டி என்பதால் அது குறைவாகத் தோன்றுகிறது, கடைக்காரர் பழக்கத்தில் 32 ஏற்றிவிடுவார், வீட்டுக்கு வந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் வீல் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் விபத்தின்போது அவர்கள் கை விரிக்க இடம் கொடுத்ததாகிவிடும். நட்டுகளை 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரென்ச்சால், எதிரெதிராக முறுக்கி, சுமார் நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் வண்டி ஆறியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு வீல் அலைன்மென்ட்டுக்கு நேரம் வாங்கினேன்.